பெட்ஃபோர்டு: போர்க்கால நகர வாழ்வு (1939–1945)

கிரேட் ஊஸ் ஆற்றங்கரையில் அமைந்த இங்கிலாந்து நகரம் பெட்ஃபோர்டு. இரண்டாம் உலகப்போரில் லண்டன் குழந்தைகள் பலருக்கு இந்நகர வீடுகள் அடைக்கலம் தந்தன. 1940 ஜனவரியில் வெண்ணெய், சர்க்கரை, உப்பிட்ட பன்றி இறைச்சிக்குப் பங்கீடு வந்தது. தெருக்கள் இருளில் மூழ்கினாலும் இசை ஓயவில்லை. 1941இல் பிபிசி சிம்பொனி இசைக்குழு இங்கு இடம்பெயர்ந்தது. ஏட்ரியன் போல்ட் நடத்திய கச்சேரிகள் கார்ன் எக்ஸ்சேஞ்ச் அரங்கில் நிகழ்ந்தன.

1940 ஜூன் முதல் நாடெங்கும் மௌனம் காத்த தேவாலய மணிகள், எல் அலமெய்ன் வெற்றியைக் கொண்டாட 1942 நவம்பர் 15 அன்று ஒலித்தன. 1944இல் அமெரிக்க இசைக்கலைஞர் கிளென் மில்லர் தம் குழுவுடன் பெட்ஃபோர்டுக்கு வந்தார். டிசம்பர் 15 அன்று அருகிலுள்ள ட்வின்வுட் ஃபார்ம் விமானத்தளத்திலிருந்து புறப்பட்ட அவரது விமானம் காணாமல் போனது.

1945 மே 8, ஐரோப்பிய வெற்றி நாள். இங்கிலாந்து நகரங்களில் அண்டை வீட்டார் பங்கீட்டுப் பொருள்களைச் சேர்த்துத் தெருவிருந்து படைத்தனர். பற்றாக்குறையிலும் பகிர்ந்துண்ட அந்த ஒற்றுமையே போர்க்கால ஊர்வாழ்வின் பெருமை. உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது.