‘ஜெய்பீம்’ காட்டிய ஆட்கொணர்வு மனு

உண்மைக் குற்றச் சம்பவங்களை வைத்து எடுக்கப்படும் திரில்லர் படங்களில் ‘கொலையாளி யார்?’ என்பதே பெரும்பாலும் கேள்வி. 2021 நவம்பரில் வெளியான த.செ.ஞானவேலின் ‘ஜெய்பீம்’ கேட்பது வேறு: பொலிஸார் கூட்டிச் சென்றவர் எங்கே?

படத்துக்கு அடிப்படை, 1993 இல் தமிழ்நாட்டின் கம்மாபுரம் பொலிஸ் நிலையத்தில் நடந்த சம்பவம். திருட்டுக் குற்றச்சாட்டில் பிடிக்கப்பட்ட கூலித் தொழிலாளி தப்பியோடிவிட்டார் என்றது பொலிஸ். அவரது மனைவி சட்டத்தரணி கே.சந்துருவை நாடினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. தடுத்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் மனு அது. தப்பியோடியதாகச் சொல்லப்பட்டவர் காவலில் அடித்தே கொல்லப்பட்டிருந்தார். பொலிஸாரை உயர் நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டது 2006 இல். சம்பவம் நடந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு.

சூர்யா நடித்த சட்டத்தரணி பாத்திரம், ஆட்கொணர்வு மனுவிலேயே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்கிறது. வழக்கமாக இத்தகைய மனுக்கள் சத்தியக் கடதாசிகளோடு முடிந்துவிடும். அதற்கு முன்னுதாரணமாகப் படத்தில் சொல்லப்படுவது கேரளத்தின் ராஜன் வழக்கு. அவசரநிலைக் காலத்தில், 1976 மார்ச்சில், கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் பி.ராஜன் பொலிஸாரால் கொண்டுசெல்லப்பட்டார். கைது செய்யவேயில்லை என்றது அரசு. தந்தை ஈச்சரவாரியர் 1977 இல் மனுத் தாக்கல் செய்தார். சாட்சிகளை விசாரித்த கேரள உயர் நீதிமன்றம், மகன் பிடிக்கப்பட்டது உண்மை என்று முடிவு செய்தது. ராஜன் பிடிக்கப்பட்டபோது உள்துறை அமைச்சராக இருந்தவர் கே.கருணாகரன். தீர்ப்பு வந்தபோது அவர் முதலமைச்சர். அந்த ஏப்ரலிலேயே பதவி விலக நேர்ந்தது. ராஜனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

இலங்கையில் இம்மனுவை விசாரிக்கும் அதிகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உண்டு. 13 ஆவது திருத்தத்தின் பின் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் உண்டு. 2009 மே மாதம் முல்லைத்தீவில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களின் உறவுகள், 2013 இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தவையும் இவைதாம்.

‘ஜெய்பீம்’ மீது நியாயமான விமர்சனங்கள் உண்டு. உண்மையில் பாதிக்கப்பட்டவர் குறவர் சமூகத்தவர், படத்தில் இருளர். மீட்பராக வரும் சட்டத்தரணி, மனைவியின் போராட்டத்தைப் பல இடங்களில் மறைத்துவிடுகிறார். அடி உதைக் காட்சிகளின் நீளமும் தேவைக்கு அதிகம். உறவுகளை இழந்தவர்கள் தனியே இருந்து பார்க்காமலிருப்பது நல்லது. ஆனால் சிறை வாசலிலேயே சாதியைக் கேட்டு, விடுதலையானவர்களைப் பிரித்து மீண்டும் பொலிஸிடம் ஒப்படைக்கும் தொடக்கக் காட்சி, எந்த வசனமும் சொல்ல முடியாததைச் சொல்கிறது.

ராஜன் சம்பவத்தின் சாயலில் ஷாஜி என். கருண் 1989 இல் இயக்கிய மலையாளப் படம் ‘பிறவி’. அதில் சித்திரவதைக் காட்சியோ நீதிமன்ற வாதமோ இல்லை. வீட்டுக்கு வரவேண்டிய மகனுக்காக ஒரு முதிய தந்தை ஒவ்வொரு நாளும் போய் வழிபார்த்து நிற்கிறார், அவ்வளவுதான். எங்கள் வாசகர்களுக்கு, இரண்டில் இதுவே நெருக்கமான படமாக இருக்கும்.