கரிக்கு வந்த வாழ்வு

பினாங்குத் தீவிலிருந்து பாலம் கடந்து தெற்கே போனால் நிபோங் திபால். தமிழர்கள் கரும்புத் தோட்டங்களில் உழைத்த செபராங் பிறை வட்டாரம் அது. இன்று அங்கே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. செம்பனை ஆலைச் சாம்பலைச் சிமெண்ட் இல்லாமலே கல்லாக்கும் ஆய்வு அதில் நடந்திருக்கிறது. குலையைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் ஆலைக் கொதிகலனில் போட்டு எரிப்பார்கள். வரும் சாம்பல் கறுப்பு. அதைச் சலித்து, அரைத்து, 500 டிகிரிச் சூட்டில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் எரியாமல் தங்கிய கரி போய், வெளுத்த பொடி கிடைக்கும். கரி தங்கிவிட்டால் கலவையின் நீரைக் குடித்துக் கல்லைச் சோடையாக்கிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இதே வகைக் கல்லுக்குள் காசு கொடுத்து வாங்கிய கரியை, அதாவது நானோ கார்பனை, போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கரிக்கு மட்டும் ஏன் இந்த மவுசு?

அதன் பூர்விகம் நம் பக்கம்தான். கீழடியில் கிடைத்த, கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பானை ஓடுகளின் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக விஐடி ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத குழாய்கள். குயவர் அதற்காகவா சூளை மூட்டினார்! கொடுமணல் போன்ற ஊர்களில் மூசையில் உருக்கி எஃகு செய்தவர்களும் இதை அறிந்திருக்க மாட்டார்கள். தென்னிந்திய எஃகு வணிகர் கைமாறி மேற்காசியா போய், டமாஸ்கஸ் வாள் என்று பெயர் வாங்கியது. 2006இல் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட 17ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றின் துண்டை ஆராய்ந்தபோது உள்ளே நானோ குழாய்கள்.

அந்த எஃகைப் போலச் செய்யத் துடித்தவர்களில் மைக்கேல் ஃபாரடேயும் ஒருவர். மின்சாரத்தில் பெயர் எடுப்பதற்கு முன்பு, கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து வெள்ளி, பிளாட்டினம் என்று எதையெதையோ எஃகில் கலந்து பார்த்தார். கரியின் உருவமும் ஒரு சங்கதியாக இருக்கலாம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? 1952இல் சோவியத் விஞ்ஞானிகள் இருவர் குழாய்களைப் படமே எடுத்துவிட்டார்கள். ரஷ்ய மொழி இதழில் வந்ததால் வெளியே அதிகம் பேர் பார்க்கவில்லை. 1991இல் ஜப்பானின் சுமியோ இஜிமா எழுதிய பிறகுதான் உலகம் விழித்தது.

கல்லின் பயணம் வேறு வழி. 1950களில் கீவ் நகரில் விக்டர் குளுகோவ்ஸ்கி உலைக் கசடையும் காரத்தையும் கலந்து கட்டுமானப் பொருள் செய்தார். 1970இல் பிரான்சில் ஒரு நடன விடுதி எரிந்து 146 பேர் மாண்டார்கள். அதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு, தீப்பிடிக்காத பிளாஸ்டிக் தேடப் புறப்பட்ட வேதியியலாளர் ஜோசப் டாவிடோவிட்ஸ், களிமண்ணும் காரமும் சேர்ந்து இறுகும் பொருளில் போய் நின்றார். ஜியோபாலிமர் என்று பெயர் வைத்தவர் அவர்தான். செம்பனையும் வந்தேறிதான்: ஆப்பிரிக்க வம்சத்து நான்கு கன்றுகள் 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. அழகுக்கு வளர்த்த மரம், 1917இல் சிலாங்கூரில் தோட்டப் பயிரானது. சாம்பல் பின்னாலேயே வந்தது.

இனி, சம்பந்தம் பேசிய கதை. சாம்பலில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் கடுங்காரத்தில் கரைந்து மீண்டும் கைகோத்து வலையாக இறுகும்போது, நானோ கார்பன் நுண்துளைகளை அடைக்கும். மயிரிழை விரிசல் பெரிதாகாமல் இரு பக்கமும் பிடித்து நிறுத்தும். இந்த வகைக் கல்லுக்கு வளைத்தால் பட்டென்று உடையும் குணம் உண்டு என்பதால் அந்தப் பிடி முக்கியம். தொல்லை எங்கே என்றால், நானோ குழாய்கள் எண்ணெய் காணாத முடிபோல் சிக்குப் பிடித்துக்கொள்ளும். சிக்கு விழுந்த இடமே கல்லின் பலவீனம். அளவு மிஞ்சினால் கலவையும் கெட்டியாகி அச்சில் இறங்காது.

இங்கேயும் ஓர் அதிர்ஷ்டம். நானோ கார்பனின் தகடு வடிவம்தான் கிராஃபீன்; அதில் ஆக்சிஜன் ஏறிய கிராஃபீன் ஆக்சைடு தண்ணீரில் எளிதாகப் பிரியும். சாம்பலை இளக்கவென்று ஊற்றும் காரமே அந்த ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கழற்றி, அதைக் கிராஃபீனுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்துவிடுகிறது. தனியாக ஒரு வேலை மிச்சம். பிரிட்டனில் 2015இல் வெளியான ஆய்வொன்றில் வெறும் 0.35 சதவீதம் சேர்த்ததிலேயே வளைவைத் தாங்கும் பலம் இரண்டு மடங்கைத் தாண்டியது. கார்பன் மின்சாரத்தைக் கடத்துவதால், பாரம் ஏறும்போது கல்லின் மின்தடை மாறும். அதை அளந்தால் தூண் படும் பாட்டைத் தூணிடமே கேட்கலாம்.

எனக்கு இந்தக் கடைசிப் பயன்தான் பெரிதாகத் தெரிகிறது. பலத்துக்காக மட்டும் என்றால் விலை கட்டுபடியாகாது. ஆஸ்திரேலியாவின் வெல்கேம்ப் விமான நிலையத்தில் 2014இல் ஏறக்குறைய 40,000 கன மீட்டர் ஜியோபாலிமர் கான்கிரீட் போட்டார்கள். நிலக்கரிச் சாம்பல், உலைக் கசடு, காரம் ஆகியவற்றை வைத்தே வேலை முடிந்தது. நானோ கார்பனை அங்கே யாரும் கூப்பிடவில்லை.