கரையில் அமரக் கட்டணம்: ஆங்கிலக் குளங்களின் கதை

இங்கிலாந்தின் கிராமப்புறக் குளங்கள் பலவற்றின் வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகை நிற்பதைக் காணலாம். நாள்சீட்டுக்கு இவ்வளவு கட்டணம். எதிர்முள் இல்லாத தூண்டில்முள் மட்டுமே அனுமதி. பிடித்த மீனைத் திரும்பவும் நீரில் விட்டுவிட வேண்டும். பணம் கொடுத்து, பகல் முழுதும் தக்கையை வெறித்துக்கொண்டிருந்து, கிடைத்ததையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் இவ்வழக்கம், மீனைக் குழம்புச் சட்டியில் மட்டுமே சந்தித்த நம்மில் பலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சீட்டுக்குப் பின்னால் நீண்ட வழக்கு ஒன்று இருக்கிறது. நீர் யாருடையது, அதன் கரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் உரிமை யாருக்கு என்கிற வழக்கு அது.

இடைக்கால இங்கிலாந்தில் குளம் என்பது ஓய்விடமன்று, உணவுக் கிடங்கு. வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் இறைச்சியை விலக்க வேண்டியிருந்ததால், மடங்களும் பிரபுக்களும் மீன்குளங்களை வெட்டிப் பராமரித்தனர். பிரபுவின் குளத்து மீன் அவருடைய அந்தஸ்தின் அடையாளமுங்கூட. அதைத் திருடியவன் தண்டனைக்குத் தப்ப முடியாது.

தூண்டில் குறித்து ஆங்கிலத்தில் அச்சான முதல் நூல் 1496-இல் வெளிவந்தது. ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னித்துறவி எழுதியதாக நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. ஆய்வாளர்கள் இதை அவ்வளவாக நம்புவதில்லை. அதன் முடிவில் வரும் ஒரு விளக்கம்தான் நம் கவனத்துக்குரியது. இந்தப் பகுதியைத் தனிச் சிறுநூலாக அச்சிட்டால் வேலையற்றவர்கள் மலிவாக வாங்கிப் படித்து மீன்வளத்தையே அழித்துவிடுவார்கள். ஆகவேதான் கனவான்களுக்கான பெரிய நூலொன்றில் சேர்த்திருக்கிறோம் என்கிறது அது. புத்தக விலையையே வேலியாக்கிய இந்தத் தந்திரத்தை இன்றைய பதிப்பாளர்களும் வியப்பார்கள்!

அடுத்து ஐசக் வால்டன். உள்நாட்டுப் போர் முடிந்து, 1649-இல் அரசர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டு, குரோம்வெல் ஆட்சிக்கு வந்த 1653-இல் அவருடைய 'முழுமையான தூண்டிற்காரர்' வெளிவந்தது. வால்டன் லண்டன் வணிகர்; அரசர் பக்கம் சார்ந்தவர்; அதாவது தோற்ற பக்கம். நூலெங்கும் மழையும் புல்வெளியும் பாட்டும் மதுச்சாலையும் நிறைந்திருக்க, போரைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த மௌனத்தையே அதன் மறைபொருளாக வாசிக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. அரசியலில் இடமிழந்தவர்கள் ஆற்றங்கரையில் தங்களுக்கென்று ஒரு தேசத்தை அமைத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் இதில் மயங்கிவிடவில்லை. பைரன் தமது 'டான் ஹுவா'னில், வால்டனைக் கொடியவர் என்றே ஏசியிருக்கிறார்.

வால்டனின் நதிகள் பெரிதும் தனியார் வசமாயின. கடலின் ஏற்றவற்றம் எட்டாத நீர்நிலைகளில் மீன்பிடிக்கும் உரிமை பொதுவாகக் கரைநிலத்தின் உடைமையாளருக்கே என்கிறது ஆங்கிலச் சட்டம். சால்மனும் டிரௌட்டும் சீமான்களின் மீன்கள். ரோச், பிரீம், டென்ச் முதலிய ஏனையவற்றுக்கு 'முரட்டு மீன்' என்று பெயர். அந்தப் பெயரிலேயே வர்க்கம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். இந்த முரட்டு மீன்களே தொழிலாளிகளின் பங்காயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திப் பட்டறைக்காரர்கள் சங்கங்கள் அமைத்து, சந்தா கட்டி, விடுமுறை நாட்களில் கூட்டங்கூட்டமாக இரயிலேறி லிங்கன்ஷயர் நீர்நிலைகளுக்குப் போனார்கள். பட்டறைப் புகையைச் சுவாசித்த நெஞ்சுக்கு ஒருநாள் காற்று. சால்மனுக்கு 1861-லேயே சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. முரட்டு மீன்களுக்கு 1878 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த முண்டெல்லா, ஷெஃபீல்டின் நாடாளுமன்ற உறுப்பினர். முட்டையிடும் பருவத்தில், மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை, தூண்டிலுக்கு விடுமுறை விதித்தது அச்சட்டம். ஜூன் 16 அதிகாலை தூண்டிற்காரர்களின் பண்டிகையானது இப்படித்தான். நதிகளில் அவ்விதி இன்னமும் உண்டு. பெரும்பாலான குளங்களுக்கு 1995-இல் நீக்கப்பட்டது.

இலக்கிய வாசகர்கள் மறக்கக்கூடாத குளம் ஒன்று 1939-இல் வந்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் 'கமிங் அப் ஃபார் ஏர்' நாவலில், காப்பீட்டு முகவரான ஜார்ஜ் பௌலிங் சிறுவயதில் மரங்களுக்கு நடுவே யாரும் அறியாத ஒரு குளத்தையும் அதில் மிதக்கும் பிரம்மாண்டமான மீன்களையும் கண்டவர். பிறகு வரலாம் என்று விட்டுவிடுகிறார், வாழ்க்கை விடவில்லை. நடுவயதில் திரும்பி வரும்போது குளம் வற்றடிக்கப்பட்டு, தகரக் குப்பிகள் குவியும் குப்பைக் கிடங்காகியிருக்கிறது. இரண்டாம் உலகப்போர் தொடங்கச் சில மாதங்களே இருந்தபோது வெளியான நாவல் அது. வால்டன் போருக்குப் பின் எழுதினார், ஆர்வெல் போருக்கு முன். இருவருக்கும் அமைதியின் உருவம் தூண்டிலே.

பௌலிங்கின் மீனை ஒருவகையில் ரிச்சர்ட் வாக்கர் பிடித்தார். 1952 செப்டம்பரில், ஹெரிஃபோர்டுஷயரில் சுமார் 3 ஏக்கரே பரப்புள்ள ரெட்மையர் குளத்தில், 44 பவுண்டு எடையுள்ள சாதாக்கெண்டை ஒன்று இரவில் அவர் தூண்டிலில் விழுந்தது. ஏறத்தாழ 20 கிலோ. அவர் அதைக் கொல்லவில்லை. லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்தார். 'கிளாரிஸா' என்ற பெயரோடு 1971 வரை அது அங்கே வாழ்ந்தது. அதே குளத்தில், 1980 ஜூன் 16 அன்று, கிறிஸ் யேட்ஸ் 51½ பவுண்டு கெண்டையைப் பிடித்து அச்சாதனையைக் கடந்தார். பெரிய கெண்டையைப் பிடிக்கவே முடியாது என்றிருந்த பழைய நம்பிக்கை தகர்ந்தது; நாடே கெண்டைப் பித்துக் கொண்டது.

அந்தப் பித்தை விவசாயிகள் உணர்ந்துகொண்டனர். 1980-கள் தொட்டு வயலின் ஒரு மூலையைத் தோண்டி நீர் நிரப்பி, கெண்டைக் குஞ்சுகளை விட்டு, கரையில் எண்ணிட்ட மரமேடைகள் கட்டிச் சீட்டு விற்கத் தொடங்கினர். அரசுக்குத் தூண்டில் உரிமக் கட்டணம் தனி. குளத்துக்காரருக்கு நாள்சீட்டு தனி. நதியைப் போல் ஏமாற்றாத குளங்கள் இவை, மீன் நிச்சயம். மிகை நெருக்கமாக மீன் விட்ட குளங்களில் காத்திருத்தலின் சுவை குறைந்துபோகிறது என்று பழைய தூண்டிற்காரர்கள் குறைப்படுவது நமக்குப் புரிகிறது. ஆயினும் நிலமோ சங்கமோ சொந்தத்தில் இல்லாத ஒருவர், ஒருநாள் கட்டணத்தில் நீரோரம் தனித்திருக்க முடிகிறது என்பதைச் சிறிய விஷயமாக எண்ண மனம் வரவில்லை. 1496-இன் நூலாசிரியர் அஞ்சிய அதே மனிதர் இவர்தான்.

பிடித்து விடுவதால் மீன்களுக்கு நெடுவாழ்வும் பெயரும் வாய்க்கின்றன. பீட்டர்பரோ அருகே ஒரு குளத்தில் வாழ்ந்த 'பென்சன்' என்ற கெண்டையின் முதுகுத் துடுப்பில் சிகரெட் சுட்டதுபோல் ஓர் ஓட்டை; அதனால் அப்பெயர். அறுபதுக்கும் மேற்பட்ட முறை பிடிபட்டு, எடைபோடப்பட்டு, படமெடுக்கப்பட்டு, நீருக்குத் திரும்பிய அது 2009-இல் இறந்தபோது, நாளேடுகள் இரங்கல் செய்தி வெளியிட்டன. பைரன் இருந்திருந்தால் அந்த அறுபது முறையையும் மீனின் கணக்கில் எழுதியிருப்பார்.