பக்கவாத நிமோனியா

மூளைப் பக்கவாதம் தாக்கிய முதல் 7 நாட்களுக்குள், செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்கப்படாத நோயாளிக்கு வரும் நுரையீரல் தொற்று. இந்த வரையறையைப் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2015-இல் வகுத்தது. பக்கவாத நோயாளிகளில் ஏறத்தாழ 10-இல் ஒருவருக்கு இது வருகிறது. சிறுநீர்த் தொற்றும் அதே அளவுக்குக் காணப்படுகிறது. ஆனால் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் நிமோனியாதான்.

முதற்காரணம் புரையேறுதல். நல்ல உடலில் ஒரு சொட்டுத் தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் தவறினாலும் இருமல் அதை வெளியே தள்ளிவிடும். பக்கவாதத்தில் தொண்டைத் தசை தளர்கிறது. பலருக்கு இருமல் உணர்வும் மழுங்கிவிடுகிறது. கஞ்சியும் எச்சிலும் வாய்க்கிருமிகளோடு சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும். ஊட்டிவிடும் உறவினரோ, இருமவில்லையே என்று நிம்மதி அடைவார். மூக்குவழிக் குழாயில் உணவு கொடுத்தாலும் ஆபத்து நீங்காது, எச்சில் இறங்கிக்கொண்டே இருக்கும். பல்லையும் நாக்கையும் துலக்கிவிடுவது சிகிச்சையின் பகுதியாவது இதனால்தான்.

மற்றொரு காரணம் மூளையிலேயே இருக்கிறது. பக்கவாதம் ஏற்படுத்தப்பட்ட எலிகளுக்குத் தாமாகவே நிமோனியா வந்ததையும், பரிவு நரம்புகளின் வேகத்தைத் தணிக்கும் புரோப்ரனலால் மருந்து அதைத் தடுத்ததையும் பெர்லின் ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினர். காயப்பட்ட மூளை அந்த நரம்புகளின் வழியே உடலின் எதிர்ப்பாற்றலையும் தாழ்த்திவிடுகிறது.

அப்படியானால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்தால் என்ன? நெதர்லாந்தில் 2,500-க்கு மேற்பட்டோரிடம் 4 நாட்கள் செஃப்ட்ரியாக்சோன் செலுத்திப் பார்த்தார்கள். சிறுநீர்த் தொற்று குறைந்தது. நோயாளிகள் தேறிய அளவு மாறவில்லை. விழுங்கச் சிரமப்பட்ட 1,200-க்கு மேற்பட்டோரிடம் பிரிட்டனில் நடந்த இதே போன்ற ஆன்டிபயாடிக் ஆய்வில் நிமோனியா குறையவில்லை. இரண்டும் 2015-இல் வெளிவந்தவை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு (2011) செவிலியரை நம்பியது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் மூன்றையும் அவர்கள் முறைப்படி கவனித்த பிரிவுகளில், 90 நாட்களுக்குள் இறந்தோரும் பிறர் துணையின்றி வாழ முடியாதோரும் 42 சதவீதம், மற்றவற்றில் 58. ஆனால் நிமோனியாவின் எண்ணிக்கை மட்டும் அங்கும் பெரிதாக மாறவில்லை.

விழுங்கும் சோதனை எளியது: நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டியால் சிறிது தண்ணீர் கொடுத்து, இருமுகிறாரா, குரல் கரகரக்கிறதா என்று பார்ப்பார்கள். அது முடியும்வரை மாத்திரை உட்பட வாய்வழியே எதுவும் கொடுக்கக் கூடாது.