சுவாசக் கருவி அகன்ற பின்

நோயாளி ஒருவர் செயற்கைச் சுவாசக் கருவியினின்று விடுபட்டார் என்று கேள்விப்படுகையில் நாம் சபையாய் ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். கருவியை அகற்றப்போகிறார்கள் என்று கேள்விப்படுகையிலோ அடக்க ஆராதனைக்கு ஆயத்தமாகிறோம். முன்னதில் நலம் முழுமையடைந்ததென்றும், பின்னதில் மரணம் நிச்சயமென்றும் எண்ணுகிறோம். இவ்வெண்ணத்தை வரலாறு எவ்வாறு திருத்துகிறது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாய்ப் பரவிற்று. மூச்சும் விழுங்குதலும் செயலிழந்து பிளேக்டாம் மருத்துவமனைக்கு வந்த நோயாளருள், முதல் மூன்று வாரங்களில் 31 பேரில் 27 பேர் மாண்டனர். ஆகஸ்ட் 27 அன்று பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து மருத்துவர், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் வழியே ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டினார். அவள் பிழைத்தாள். இம்முறையைப் பின்பற்றி, ஏறத்தாழ 1,500 மாணவர்கள் மாதக்கணக்கில் இரவும் பகலும் முறைவைத்து நோயாளரின் அருகமர்ந்து பையை அழுத்தினர். இறப்பு வெகுவாய்க் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என இன்று நாம் அறியும் அமைப்பு இங்கிருந்தே வளர்ந்தது.

பிழைத்தோர் யாவரும் ஒரே நிலையை அடையவில்லை. தாமாக மூச்சுவிடும் ஆற்றலை மீளப்பெற்று வீடு திரும்பியோர் பலர். அச்சிறுமியோ 1971இல் இறக்கும்வரை இயந்திரத்தின் உதவியோடு வாழ்ந்தாள்.

இரண்டாவது நிகழ்ச்சி அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சார்ந்தது. 1975 ஏப்ரலில் கேரன் ஆன் குயின்லன் என்னும் 21 வயதுப் பெண் நினைவிழந்து கருவியில் வைக்கப்பட்டாள். நினைவு மீளாதெனக் கண்ட பெற்றோர், கருவியை நீக்குமாறு நீதிமன்றத்தை நாடினர். அவர்கள் பக்தியுள்ள கத்தோலிக்கர். அசாதாரணமான மருத்துவ முறைகளைத் தொடர்வது எவர்மீதும் கடமையன்று என 1957இல் போப்பு பன்னிரண்டாம் பயஸ் மயக்கமருந்து மருத்துவர்களுக்கு விளக்கியிருந்தார். 1976 மார்ச் 31 அன்று மாநில உச்ச நீதிமன்றம் பெற்றோருக்கு இசைவாகத் தீர்ப்பளித்தது. மே மாதத்தில் கருவி படிப்படியாய் அகற்றப்பட்டது. உலகமே அவளுடைய மரணத்தை எதிர்பார்த்தது. அவளோ தானாக மூச்சுவிட்டாள். குழாய்வழி உணவு தொடர, நினைவு திரும்பாமலே ஒன்பது ஆண்டுகள் உயிரோடிருந்து, 1985 ஜூன் 11 அன்று இறந்தாள். பெற்றோர் அவளைக் கைவிடவில்லை. தம் மகளின் பெயரால் மரணத்தறுவாயிலிருப்போரைப் பராமரிக்கும் இல்லப்பணி ஒன்றையும் தோற்றுவித்தனர்.

ஆகவே, கருவி அகன்ற நாள் தீர்ப்பு நாளன்று. நெடுநாள் கருவியிலிருந்தவரின் மூச்சுத்தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசைகளுக்குச் சிறிது சிறிதாய்ப் பயிற்சியளித்தே மருத்துவர் கருவியை விலக்குகின்றனர். குழந்தையைப் பால்மறக்கச் செய்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே அவர்கள் இதற்கு வழங்குவது பொருத்தமுடையது. விடுபட்ட பின்னும் உடற்சோர்வு, மறதி, கொடுங்கனவு, மனச்சோர்வு முதலியவை மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கக்கூடும். பராமரிக்கும் குடும்பத்தாரும் மனந்தளர்கின்றனர்.

இங்கேதான் மேய்ப்பரின் பணி எழுகின்றது. மருத்துவமனை வாசலில் நெருக்கமாய் நின்ற சபை, நோயாளி வீடு திரும்பிய மூன்றாம் மாதத்தில் எங்கே நிற்கிறது? நன்றி ஆராதனையோடு அவருடைய பெயரை ஜெபப் பட்டியலினின்று நீக்கிவிடுகிறோமா? கருவியை நிறுத்தச் சம்மதித்த குடும்பத்தார் குற்றவுணர்வோடு போராடும்போது யார் அவர்களோடு அமர்கிறார்கள்?

லாசருவை உயிரோடெழுப்பிய ஆண்டவர், அவனுடைய கட்டுகளை அவிழ்க்கும் வேலையைச் சூழ நின்றோரிடமே ஒப்புவித்தார். மூச்சைத் தருகிறவர் தேவன்; மூச்சு திரும்பியவரின் கட்டுகளைப் பொறுமையோடு அவிழ்ப்பது நமக்கு விடப்பட்டுள்ள ஊழியம்.