விண்ணப்பம் போட்டவரும் போடாதவரும்

திருநாவலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சுந்தரர் பிறந்த ஊர். 'நீ என் அடிமை' என்று ஓலை நீட்டிய கிழவரின் வழக்கு பக்கத்துத் திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும். நீட்டிய படியைச் சுந்தரர் கிழித்துப்போட, மூல ஓலையைக் காட்டித்தான் கிழவர் ஜெயித்தார்.

எங்க சனங்களுக்கும் மூல ஓலைக் கஷ்டம் நல்லாவே தெரியும். போன வருசம் காலனியில் ஒரு பிள்ளைக்கு மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தோம். நீட் மதிப்பெண் அட்டை, சாதிச் சான்று, ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கு அத்தாட்சி. எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு காகிதத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தது. திருத்தித் தர ஓர் அலுவலகத்தில் மூணு நாள் அலையவிட்டாங்க. அந்தப் பிள்ளையோட அம்மாவுக்கு மூணு நாள் கரும்புக்காட்டுக் கூலி போச்சு. "இம்புட்டுக் காகிதம் குடுத்தாத்தான் டாக்டராவ முடியுமா தம்பி?" என்று கேட்டாங்க. காகிதமே கொடுக்காமல் ஜெயித்த ஒரு வழக்கு உண்டு.

சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணைப்படி ஒவ்வொரு 14 இடத்திலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, 'அரிசனங்கள்' என்று அரசு எழுதிய நமக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறித்தவர்களுக்கு 1. அரசியல் சட்டம் வந்த 1950இலேயே செண்பகம் துரைராஜன் உயர்நீதிமன்றம் போனார். பார்ப்பனர் என்பதால் மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் கிடைக்காது என்பது வழக்கு. ஆனால் அவர் விண்ணப்பமே போடவில்லை. விசாரித்ததில் கிடைக்காது என்று தெரிந்ததாம், அதனால் போடவில்லையாம். உச்சநீதிமன்றம் இதைக் கவனிக்காமலில்லை. விண்ணப்பிக்காமல் வருவதை ஆதரிப்பதாக நினைக்காதீர்கள் என்று எழுதிவைத்துவிட்டு, 1951 ஏப்ரலில் ஆணை செல்லாது என்றே தீர்ப்புச் சொன்னது.

இதைப் பார்ப்பனர், பார்ப்பனரல்லாதார் சண்டையாகவே மேடையில் பேசிப் பழகிவிட்டோம். அந்த 14இல் நம்ம 2ம் சேர்ந்துதான் விழுந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. தமிழகத்தில் கிளர்ச்சி நடந்தது. சட்ட அமைச்சராயிருந்த அம்பேத்கர் நாடாளுமன்றத்தில் திருத்தத்துக்காக வாதாடினார். 1951 ஜூனில் 15(4) வந்தது.

பிறகு 1984இல் நுழைவுத்தேர்வு வந்தது, 2007இல் போனது, 2017இல் நீட்டாகத் திரும்பி வந்தது.

குழுமூர் அனிதா விண்ணப்பம் போட்டவர். சுமை தூக்குபவரின் மகள். பன்னிரண்டாவதில் 1200க்கு 1176, பழைய கணக்கில் 200க்கு 196.75. வலுவான விண்ணப்பம் என்றால் இதைவிட எது? அவரும் உச்சநீதிமன்றம் போனார். ஆகஸ்ட் 22ஆம் தேதி நீட்படிதான் சேர்க்கை என்று ஆனது. செப்டம்பர் 1ஆம் தேதி அனிதா இல்லை. மறுவருசம் செஞ்சிப் பக்கம் பெருவளூர் பிரதீபா. தகுதி, தகுதி என்கிறார்களே, அது யாரிடம் காகிதம் கேட்கிறது, யாரைக் கேட்காமலே உள்ளே விடுகிறது?

2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் வந்ததால்தான் அந்த அத்தாட்சிக்கு இவ்வளவு மதிப்பு. 2022இல் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் சிறுவங்கூரில் 150 இடத்தோடு அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாச்சு. கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் ஒதுக்கீடு இன்னும் ஒரே சதவீதம்.

அந்தம்மா அசல் சான்றுகளையெல்லாம் மஞ்சப்பையில் சுத்தி, மழை ஒழுகாத மூலையில் தொங்கவிட்டிருக்காங்க. கலந்தாய்வில் அசலைத்தான் கேட்பார்கள் என்று நான்தான் சொல்லிவைத்தேன்.