பாண்டிகூட் பிறந்த கதை

2018 பிப்ரவரியில், சித்தூர் மாவட்டம் பலமநேர் பக்கம் மொரம் கிராமத்தில், கோழிக்குஞ்சு பொரிப்பகம் ஒன்றின் கழிவுத் தொட்டியில் ஏழு பேர் விஷவாயு தாக்கி இறந்தார்கள். அதே மாதம் திருவனந்தபுரத்தில், மனிதருக்குப் பதிலாக மேன்ஹோலில் இறங்கும் ரோபோ ஒன்று மக்கள் முன் இயக்கிக் காட்டப்பட்டது. பெயர் பாண்டிகூட், அதாவது பெருச்சாளி. என்னால் இந்த இரண்டு செய்திகளையும் தனித்தனியாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை.

பாண்டிகூட்டின் கதை கோழிக்கோட்டில் தொடங்குகிறது. 2015 நவம்பர் 26 அன்று அங்கே பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய தொழிலாளர் இருவர் மயங்கி விழுந்தார்கள். இருவரும் ஆந்திராவிலிருந்து பிழைக்கப் போனவர்கள். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த நௌஷாத் என்ற ஆட்டோ ஓட்டுநர், முன்பின் தெரியாத அந்த இருவரையும் காப்பாற்ற உள்ளே இறங்கினார். மூவரும் உயிரோடு மேலே வரவில்லை.

சாக்கடைச் சாவுகள் ஒன்றோடு நிற்காமல் இரண்டு, மூன்று, ஏழு என்று போவதற்குக் காரணம் இருக்கிறது. கசடு மக்கும்போது வரும் ஹைட்ரஜன் சல்பைடு, குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடி, பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கை எட்டினால், மூக்கின் மோப்ப நரம்பே மரத்துவிடும். நாற்றம் அடங்கிவிட்டது, இறங்கலாம் என்று தோன்றும் நேரத்தில்தான் வாயு கூடியிருக்கும். அது இன்னும் பல மடங்கு ஏறினால் சில மூச்சுகளில் ஆள் சாய்ந்துவிடுவார். மேலே நிற்பவர் தம்பியோ மாமனோ பக்கத்து வீட்டுக்காரரோ, அவர் மனம் கேட்காது. அவரும் இறங்குவார்.

கோழிக்கோட்டுச் செய்தி, மலப்புறம் மாவட்டம் குற்றிப்புரத்தில் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் படித்த நண்பர்கள் சிலரை உலுக்கியது. விமல் கோவிந்த், அருண் ஜார்ஜ், நிகில், ராஷித் என்ற அந்த இளைஞர்கள் மாணவப் பருவத்திலேயே ரோபோ செய்து பார்த்தவர்கள். அவர்கள் தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனத்துக்கு கேரள ஸ்டார்ட்அப் மிஷனும் கேரள நீர் ஆணையமும் கைகொடுத்தன. உறிஞ்சும் லாரியும் நீரைப் பீச்சும் ஜெட்டிங் வண்டியும் ஏற்கெனவே இருந்தன. கல்லும் துணியும் பிளாஸ்டிக்கும் இறுகிக் கிடக்கும் இடத்தில் அவை தோற்றதால்தான் ஆள் இறங்கினார். ஆகவே ஆள் உள்ளே செய்வதையே செய்யும் உடல் தேவைப்பட்டது. காலை விரித்துச் சுவரில் ஊன்றி நிற்கும், கையை நீட்டிக் கசடை வாளியில் அள்ளும், கேமராவும் வாயு உணரியும் கொண்ட ஒன்றை உருவாக்கினார்கள். மேலே சாலையில் ஒரு நிலையம். அதன் திரையைப் பார்த்து ஒருவர் இயக்குவார்.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் இந்த முயற்சியின் வெற்றி அடங்கியிருந்தது என்பேன். இயந்திரம் வந்தால் முதலில் எழும் பயம் வயிற்றுப்பாட்டைப் பற்றியது. மேன்ஹோல் வேலை எவ்வளவு கொடியதானாலும் அந்தக் கூலியில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. வெளியிலிருந்து டிப்ளமோ படித்தவரை அழைத்து ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்திருந்தால், இத்தனை காலம் உள்ளே இறங்கியவர் தன் பிழைப்பைப் பறித்த எதிரியாகவே அதைப் பார்த்திருப்பார். உருவாக்கியவர்கள் தூய்மைப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களையே இயக்குநர்கள் ஆக்கினார்கள். 2018-லேயே பாண்டிகூட் கும்பகோணத்துக்கும் வந்தது.

எந்தத் தெருவில் மழைக்குப் பிறகு அடைக்கும், எந்த ஓட்டல் வாசலில் எண்ணெய்ப் பிசுக்கு கட்டியாகும் என்பது ரோபோவுக்குத் தெரியாது. அது இருபது வருடம் இறங்கியவருக்குத் தெரியும். உள்ளே என்ன வாயு, எவ்வளவு என்பது அவருடைய மூக்குக்குத் தெரியாது. அது உணரிக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் அணி.

ஆனால் இயந்திரத்தின் மீது நம்பிக்கை அளவுக்கு மீறினாலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். புகை சூழ்ந்த கட்டடத்தில் ரோபோ வழிகாட்டியது; பங்கேற்ற 26 பேரும் அதன் பின்னாலேயே போனார்கள். சற்று முன்புதான் அது வழி தவறியதைப் பார்த்திருந்தவர்களும் அதில் இருந்தார்கள். நம் ஊருக்கு இது நேராகப் பொருந்தும். உணரியை உரிய காலத்தில் சரிபார்க்காத நகராட்சியில், திரை காட்டும் பச்சை நிறத்தை நம்பி யாராவது தலையை உள்ளே விட்டால், மூக்கு ஏமாற்றியதைப் போலவே இயந்திரமும் ஏமாற்றும். வாயுவின் அளவு பார்ப்பது ரோபோவை இறக்குவதற்காகத்தான், ஆள் இறங்குவதற்காக ஒருபோதும் இல்லை.

பலமநேருக்கு வருவோம். சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் மேன்ஹோலைவிட செப்டிக் டேங்க்தான் அதிகம். அதற்கு வேறு கருவி தேவை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் குழு உருவாக்கிய ‘ஹோமோசெப்’ அந்த வகை. தலைகீழாக விரியும் குடை போன்ற அதன் சுழல் கத்திகள் இறுகிய கசடைக் கரைக்கும். பிறகு அது உறிஞ்சி எடுக்கும். இதில் துணை நின்றது தூய்மைப் பணியாளர் இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன். அதன் தலைவர்களில் ஒருவரான பெஜவாடா வில்சன், சித்தூர் எல்லையை ஒட்டிய கோலார் தங்கவயலில், மனிதக் கழிவை அள்ளிய குடும்பத்தில் பிறந்தவர். 2022-ல் முதல் இயந்திரங்கள், இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. இயந்திரத்தின் சாவியை வைத்திருக்க இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

சட்டத்துக்குக் குறைவில்லை. 2013-ல் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனாலும் ஒரு தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது இன்னும் மலிவாகவே இருக்கிறது. ரோபோவை வாங்கி, ரிப்பன் வெட்டிப் படம் எடுத்து, பிறகு ஷெட்டில் நிறுத்திவிட்டுக் குறைந்த கூலிக்கு ஆளை இறக்கும் நிர்வாகத்தைத் தொழிலாளி எந்நாளும் நம்பமாட்டார். அது கொண்டுவரும் இயந்திரத்தையும் நம்பமாட்டார். திருப்பதி, சித்தூர் மாநகராட்சிகள் எந்தக் கருவியை வாங்கினாலும், அதை இயக்கும் வேலையை இன்று குழியோரம் நிற்பவர்களின் பெயருக்கே எழுதித் தரவேண்டும்.

நம் வீட்டு வாசலிலும் ஒரு கடமை இருக்கிறது. செப்டிக் டேங்க் லாரி வந்து, குழாய் எட்டவில்லை, நானே இறங்கிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். கூடுதல் கூலி பேசாதீர்கள். வேலையை நிறுத்திவிட்டு 14420 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.